டேபிள் துடைக்கிறவன்

குடித்த கதையை எழுதாத தமிழ் எழுத்தாளர் குறைவு. யாரோடு குடித்தோம், எந்த லாட்ஜில், எத்தனை மணி வரைக்கும், குடித்துவிட்டு யார் அழுதார், யார் யாரை அடித்தார், எந்தக் கவிஞர் என்ன சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார் என்று ஒரு நினைவுக் குறிப்பு இலக்கியமே சிறுபத்திரிகைகளில் தனி வகையாக வளர்ந்து நிற்கிறது. படிக்க ருசியாகத்தான் இருக்கும். நானும் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது. அந்தக் கவிஞர் வாந்தி எடுத்தாரே, அதை அள்ளினது யாரு?

குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. 2017லிருந்து 2020 மார்ச் வரைக்கும் அள்ளினவன் நான். ஒரு மாவட்டத் தலைநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டாஸ்மாக் கடையை ஒட்டின பாரில் சப்ளையர். மரத்தூளைக் கொட்டி, தேய்த்து, முறத்தால் அள்ளி, பினாயில் ஊற்றிவிட்டு, அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குச் சுண்டல் கொண்டுபோக வேண்டும். வாந்தியில் கவிஞர் வாந்தி, கொத்தனார் வாந்தி என்று வித்தியாசம் கிடையாது.

ஒருநாள் ராத்திரி இலக்கியக் கூட்டம் முடிந்து ஆறு பேர் வந்தார்கள். ஜோல்னா பையைப் பார்த்தே தெரிந்தது. நான் பி.ஏ. தமிழ் படித்தவன். அவர்கள் பேசின புத்தகங்களில் ரெண்டு மூன்றை நான் வாசித்திருந்தேன். பேச்சு தலித் அழகியல் பற்றி. அழுக்கு, நாற்றம், எச்சில் இதெல்லாம் எப்படி எழுத்தில் அழகாக மாறுகிறது என்று ஒருத்தர் ரொம்ப நன்றாகப் பேசினார். நான் பக்கத்து டேபிளைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்டேன். எச்சில் பற்றின வாக்கியத்தை முடித்த கையோடு அவர் திரும்பிப் பார்க்காமல் விரலைச் சொடுக்கினார். "டேய், இத எடுறா." இத என்பது எலும்பு கிடந்த தட்டு. எடுத்தேன். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், போகும்போது இருபது ரூபாய் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கூட்டம் பற்றி அவர்களில் ஒருவர் பிற்பாடு எழுதின குறிப்பையும் படித்தேன். மழை வந்தது, ஈரல் வறுவல் நன்றாக இருந்தது, விவாதம் நள்ளிரவு வரை நீண்டது என்றெல்லாம் இருந்தது. பத்து மணிக்கு ஷட்டரை இறக்கின பிறகும் அவர்களுக்காக உள்ளே நின்றுகொண்டிருந்தவன் அதில் இல்லை.

இந்த 'இல்லை' என்பதுதான் இங்கே என் விஷயம். தமிழ் எழுத்தும் சினிமாவும் குடிக்கிற இடத்தை எத்தனையோ தடவை காட்டியிருக்கின்றன. ஊற்றிக் கொடுக்கிறவனை, துடைக்கிறவனை ஏன் காட்டவில்லை?

ஜி. நாகராஜனை எடுத்துக்கொள்வோம். 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தனுடைய ஒரே ஒரு நாள். நல்லவர்கள் எட்டிப் பார்க்காத சந்துக்குள் தமிழ் நாவலைத் துணிந்து கூட்டிக்கொண்டு போன ஆள் அவர். அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த நாள் குடிக்கிறவனுடைய நாள்தான். கிளாஸை எடுத்துக் கொடுத்த கைக்கு அன்றைக்கு எப்படி விடிந்தது என்பது நாவலின் அக்கறை இல்லை. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விளிம்பை எழுதினவர்களுக்கே கண்ணில் படாத இன்னொரு விளிம்பு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எடுபிடி வேலைக்காரப் பையனை நேராகப் பார்த்த நாவல் என்று எனக்குப் படுவது பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' (1993). பார் அல்ல, சினிமா தியேட்டர். சோடா விற்கிற பையன்கள். இடைவேளை மணி அடித்ததும் ஓடுகிற ஓட்டம், ஆளில்லாத தியேட்டரில் படுத்துக் கிடப்பது, பசி, கஞ்சா, ஒருத்தனை ஒருத்தன் கெட்ட வார்த்தையில் கொஞ்சிக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. அவருடைய அப்பா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தவர், அந்த நெருக்கம் எழுத்தில் தெரிகிறது. பையன்கள் மேல் அவர் பரிதாபத்தைக் கொட்டவில்லை. வேலை செய்கிறவனுக்கும் கேலி உண்டு, திருட்டு உண்டு, முதலாளியை ஏமாற்றுகிற சாமர்த்தியம் உண்டு என்பதை விட்டுவைத்திருக்கிறார். எங்கள் பாரில் மிச்சம் இருக்கிற சரக்கை ஒரே பாட்டிலில் சேர்த்து ராத்திரி பதினொன்றுக்கு நாங்கள் குடிப்போம். 'காக்டெய்ல்' என்று பெயர் வைத்திருந்தோம். இதை ஒரு முற்போக்கு எழுத்தாளர் எழுதினால் கண்ணீர் வரும்படி எழுதுவார். உண்மையில் அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் நாள் முழுக்கக் காத்திருப்போம்.

சினிமாவுக்கு வருவோம். 'தேவதாஸ்' (1953) காலத்தில் குடி காதல் தோல்வியின் அடையாளம். குடிக்கிறவன் பெரிய வீட்டுப் பிள்ளை, தத்துவம் பேசுவான், பாடுவான். 2003 நவம்பரில் அரசாங்கமே டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு சினிமாவும் டாஸ்மாக்குக்குள் வந்தது. 2010ஐ ஒட்டி வந்த நகைச்சுவைப் படங்களில் பார் காட்சி இல்லாத படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கதாநாயகனும் காமெடியனும் டேபிளில் உட்கார்ந்து பெண்களைத் திட்டுவார்கள். சப்ளையர் வருவான். அவன் எதுக்கு வருகிறான் என்றால் அறை வாங்க. ஆம்லெட் லேட்டு என்று அறை, பில்லை நீட்டினால் அறை, சும்மா நின்றால் தலையில் தட்டு. தியேட்டர் சிரிக்கும். நடிக்கிற ஆளும் பெரும்பாலும் கறுப்பாக, ஒல்லியாக, பல் துருத்தினவனாக இருப்பான். அது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். இந்தப் படங்கள் வந்த பிறகு எங்களுக்கு நிஜத்திலும் தட்டு விழுந்தது. "என்னடா முறைக்கிற, படத்துல பாக்கலையா" என்று ஒருத்தன் கேட்டான். அவன் போன பிறகு, இதை எவனாவது விமர்சனத்தில் எழுதியிருக்கிறானா என்று தேடினேன். திரைக்கதை, பின்னணி இசை, இரண்டாம் பாதி தொய்வு, இவ்வளவுதான் கிடைத்தது.

கமலக்கண்ணனின் 'மதுபானக் கடை' (2012) விதிவிலக்கு. பாரையே களமாக வைத்து எடுத்த படம். அதில் சப்ளையர்களுக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு. இங்கே கதை என்ற ஒன்றைத் தேடாதீர்கள் என்கிற தோரணையில் அது எடுக்கப்பட்டதே நியாயம், ஏனென்றால் பாரில் கதை இல்லை, வருகையும் போகையும்தான். படம் ஓடவில்லை. ஓடாத படத்தைப் பற்றி எழுத நம் ஆட்களுக்கு நேரம் இருப்பதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டாஸ்மாக் பாரில் சாதி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. படித்தவர்களே சொல்வார்கள். கவுண்டரும் சக்கிலியரும், தேவரும் பள்ளரும், வன்னியரும் பறையரும் ஒரே டேபிளில் உட்கார்ந்து ஒரே தட்டில் கையை விட்டுத் தின்கிறார்கள் பார், பெரியார் செய்யாததை டாஸ்மாக் செய்துவிட்டது என்று. கேட்க ஜோராக இருக்கிறது. சுடுகாட்டில் எல்லாரும் சமம் என்று பாடின சினிமாதானே இது. சாதிக்கொரு சுடுகாடு இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பாடினார்கள்.

டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது, பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு எதிராக நாம் போராடினோம். யாழ்ப்பாணத்தில் அறுபதுகளின் கடைசியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக அடிபட்டார்கள், கே. டானியல் அந்தப் போராட்டங்களோடு நின்று எழுதினவர். எல்லாம் சரி. ஆனால் கவனித்துப் பாருங்கள், நாம் கேட்டது பெஞ்சில் உட்காரவும் அதே கிளாஸில் குடிக்கவும் உரிமை. அதாவது வாங்கிக் குடிக்கிறவனின் உரிமை. பாய்லர் பக்கத்தில் நின்று டீ ஆற்றுகிற இடத்தில் நம் ஆள் நிற்க முடியுமா என்ற கேள்வி இன்னும் கிராமத்துக்குள் போகவே இல்லை. நம் கையால் போட்ட டீயை ஊர்த்தெரு குடிக்காது. அப்படியானால் பாரில் மட்டும் என் கையால் எப்படி வாங்குகிறான்?

மூன்று வருஷம் யோசித்து எனக்குக் கிடைத்த பதில் இது. அவன் என் கையால் எதையும் வாங்கவில்லை. பாட்டில் சீல் வைத்தது. தண்ணீர் பாக்கெட்டில் அடைத்தது. கப் பிளாஸ்டிக், ஒன்றுக்குள் ஒன்று செருகி வந்தது. மூன்றுமே மெஷினில் இருந்து வந்தவை, உள்ளே யார் கையும் படாதவை. ஆம்லெட்டும் குடலும் போடுவது மாஸ்டர். எங்கள் மாஸ்டர் ஊர்த்தெருக்காரர். அடுப்பு அவரிடம். டேபிளை எடுப்பது, பெருக்குவது, வாந்தி அள்ளுவது, காலி பாட்டில் பொறுக்குவது எங்களிடம். நாங்கள் நாலு பேரும் காலனி. பின்னால் பாத்திரம் கழுவ ஒரு அக்கா வருவார், அவரும் காலனி. அவர் கஸ்டமர் கண்ணில் படக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். எங்கள் பாருக்கு இருபதடி அகலம் இருக்கும், அதற்குள்ளேயே அந்தப் பிரிவினை முழுசாக அடங்கியிருந்தது.

ஆக, சாப்பிடும் முன்னால் உள்ளதில் என் கை படவில்லை. சாப்பிட்ட பின்னால் கிடக்கிற எச்சிலில்தான் பட்டது. இதில் சாதி எங்கே ஒழிந்தது? பிளாஸ்டிக் கப் தீட்டை ஒழிக்கவில்லை, தீட்டுக்கு உறை போட்டது.

இது என் கற்பனை இல்லை என்பதற்கு ஒரு சம்பவம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. சோதனைக்குப் பயந்து முதலாளி கொஞ்ச நாள் கண்ணாடி கிளாஸ் இறக்கினார். அந்தக் கொஞ்ச நாளும் எங்களுக்குத் திண்டாட்டம். ரெகுலராக வருகிற ஒருத்தர், என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறவர், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத யாருப்பா கழுவுனது?" அப்புறம்: "உனக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" இந்த ரெண்டாவது கேள்வியைத் தமிழ்நாட்டில் நம் ஆள் ஒவ்வொருத்தரும் ஆயுசில் நூறு தடவை கேட்டிருப்பார். பஸ்ஸில், வாடகை வீடு தேடும்போது, கல்லூரி ஹாஸ்டலில். கிழக்குப் பக்கம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்து ஸ்டீல் டம்ளர் ஒன்றை எடுத்து ஊற்றிக்கொண்டார். அடுத்த மாதமே பிளாஸ்டிக் கப் திருட்டுத்தனமாக வந்துவிட்டது, அவரும் பழையபடி தம்பி தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பெரிய ஓட்டல் பாரில் இதே வேலைக்கு வேறு பெயர். கோட்டு, கழுத்தில் டை, கேட்டரிங் டிப்ளமா. அங்கே ஊற்றுவது கலை, ஊற்றுகிறவர் பார்டெண்டர். பத்திரிகையில் பேட்டி வரும். எச்சில் எடுக்கிற ஆள் அங்கேயும் வேறுதான். 2014இல் வேட்டி கட்டின ஒரு நீதிபதியைச் சென்னை கிரிக்கெட் கிளப்புக்குள் விடவில்லை என்று தமிழகமே கொதித்தது, சட்டசபையில் சட்டமே வந்தது. வேட்டிக்காகக் கொதித்த எழுத்தாளர்களில் ஒருத்தர்கூட, இந்த மாதிரிக் கிளப்புகளுக்குள் தட்டோடு நிற்கிற பேரர் எந்த வாசல் வழியாக வருகிறார் என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மற்றவர்களைச் சொல்வது சுலபம். நம் பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் தலித் பண்பாட்டு விவாதம் சூடாக நடந்தபோது கள்ளும் சாராயமும் மாட்டுக்கறியும் கெட்ட வார்த்தையும் எதிர்ப்பண்பாடாக முன்வைக்கப்பட்டன. பார்ப்பன வெள்ளாளப் புனிதத்தின் மூஞ்சியில் கரி பூசுவதற்கு அது அன்றைக்குத் தேவைப்பட்டது. என் போன்றவர்களுக்குத் தலை நிமிர்ந்தது அந்த எழுத்துகளால்தான். ஆனால் அந்தக் கலகக்காரன் சாராயத்தைக் குடிக்கிறவனாகவே இருந்தான். குடித்து முடித்த இடத்தைக் கூட்டுகிறவனாக இல்லை. கலகத்துக்குப் பிறகு டேபிளைத் துடைக்க வந்தவனும் நம் ஆள் என்பது நம் கோட்பாட்டில் ஏறவில்லை.

மதுவிலக்குப் பக்கம் போனாலும் இதே கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு 65க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் நம் மக்கள். அந்த அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதன் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மது ஒழிப்புப் பாட்டிலும் வீதி நாடகத்திலும் பார்க்காரன் என்றால் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஒரே ஒரு ஆள். அவனுக்குக் கீழே வேலை செய்கிறவன் அவனுடைய அடியாள். 2016 டிசம்பர் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் நெடுஞ்சாலைக் கடைகள் குடியிருப்புப் பக்கம் நகர்ந்தன. 2017இல் ஊருக்கு ஊர் பெண்கள் விளக்குமாறோடு திரண்டார்கள். அந்த ஏப்ரலில் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணை அறைந்ததை டிவியில் எல்லாரும் பார்த்தோம். எங்கள் பாருக்கும் பெண்கள் வந்தார்கள். முதலாளி காரெடுத்துப் போய்விட்டார். விளக்குமாற்றடி ஒன்று என் தோளில் விழுந்தது. அடித்த பெரியம்மாவுக்கு என் அம்மா வயசு. அவர் புருஷனுக்குக் காலையில் தண்ணீர் பாக்கெட் கொடுத்தவன் நான்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த அடிக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இதை எழுத ஒரு சிறுகதை வேண்டும், விமர்சனத்தில் அடங்காது.

பத்திரிகைக்காரர்களுக்குக் 'குடிமகன்' என்றால் தமாஷ். குடிமகன்கள் ரகளை, குடிமகன்கள் ஏமாற்றம் என்று தலைப்புப் போடுவார்கள். தென்மாவட்டக் கிராமத்தில் குடிமகன் என்றால் நாவிதர், ஊருக்கு ஊழியம் செய்து கூலிக்கு நெல் வாங்குகிறவர். குடிமக்கள் என்றால் ஊழியம் செய்கிற சாதிகள். சிலேடை பண்ணுகிறவர்களுக்கு இந்த அர்த்தம் தெரியாது, தெரிந்தாலும் சிரிப்பு வராது.

இலக்கியத்தில் மட்டும்தான் நாங்கள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், காகிதத்திலும் இல்லை. பார் டெண்டர் எதற்கு விடுகிறார்கள் தெரியுமா? தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும். அவ்வளவுதான் உரிமை. சரக்கு பரிமாறுவது பாரின் வேலை என்று அதில் இல்லை. 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, இப்படிப் பார் நடத்த அனுமதி கொடுக்கவே டாஸ்மாக்குக்கு அதிகாரம் இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2023-24இல் மது மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். கடைக்குள் இருக்கும் சூப்பர்வைசருக்கும் விற்பனையாளருக்கும் போதாவிட்டாலும் ஒரு சம்பளப் பட்டியல் உண்டு, சங்கம் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்குக் கல்லாவில் இருந்து எண்ணித் தருகிற தினக்கூலி. பகல் பன்னிரண்டுக்குத்தான் கடை திறக்க வேண்டும், ஆனால் காலையிலேயே பாரில் கூடுதல் விலைக்குக் கட்டிங் ஓடும். ரெய்டு வந்தால் 'பார் ஊழியர் கைது' என்று செய்தி வரும். எங்கள் பெயர் அச்சில் வருவது அப்போது மட்டும்தான், அப்பா பெயர், வயது, தெரு எல்லாம் சரியாக இருக்கும்.

மே தினத்துக்கு லீவு உண்டு. தொழிலாளர் தினம் என்பதற்காக இல்லை, அன்றைக்கு டிரை டே. கூலியும் கிடையாது. வருஷத்தில் எட்டு நாள் இப்படி, வள்ளுவர், வள்ளலார், மகாவீரர், காந்தி என்று. கொரோனாவில் 2020 மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். கோர்ட் இழுபறிக்குப் பிறகு கடை அந்த மே மாதமே திறந்துவிட்டது. பார் திறக்க இன்னும் பல மாதம் ஆனது. கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றி எத்தனை கவிதை, எத்தனை மீம். மூடிக் கிடந்த பாருக்கு வெளியே நின்றவனைப் பற்றி ஒரு வரி? நான் அந்த வருஷம் பெயின்ட் அடிக்கப் போனேன், திரும்பவில்லை.

எங்களோடு இருந்த பெரியவர் ஒருத்தர் மட்டும் திரும்பிப் போனார். அறுபது தாண்டினவர், காலி பாட்டில் பொறுக்கி, கழுத்து உடையாமல் அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி கிழித்த கோடு. போன மாதம் பார்த்தேன். இப்படி ஒரு கட்டுரை எழுதுகிறேன் சித்தப்பா என்றேன். என்னத்த எழுதுற என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் கணக்குக்கு வந்துவிட்டார். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, திருப்பித் தந்தால் பணம் தருகிற திட்டம் 2022இல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் வந்ததே, அதுதான் அவர் பிரச்சினை.

"ஸ்டிக்கர் ஒட்டுன பாட்டில டேபிள்லயே விட்டுட்டுப் போறான்யா குடிகாரன். அவன் விட்டது எனக்குத்தானே? ஓனரு எனக்குன்றாரு. கடைல குடுத்தா அவங்க, பார்க்காரன்கிட்ட வாங்க மாட்டோம், குடிச்சவனக் கூட்டியான்றான். குடிச்சவன் எங்க இருப்பான், ரோட்ல கெடப்பான். அத எழுது மொதல்ல."